சிங்கிளா, டபுளா?

எங்கள் வீட்டில் அந்தப் பொருளின் முழுப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. என் கணவர் பம்ப் என்பார். மாமியார் அந்த மிஷின் என்பார், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுந்துவிடாதபடி குரலை இறக்கி. தாய்ப்பாலின் பெருமையை ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதிவைப்பார்கள், மேடை போட்டுப் பேசுவார்கள், கைதட்டுவார்கள். வீட்டில் ஒருத்தி அதை எடுத்து பாட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் அத்தனை பேருக்கும் தொண்டையில் முள் குத்திக்கொள்ளும். பெருமையெல்லாம் சுவரோடு சரி.

நான் தல்லாகுளத்தில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். ஜூனியர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வருடம் சட்டம் படித்துவிட்டு, மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாய்தா கேட்பதும் கேஸ் கட்டுகளைச் சுமப்பதும்தான் அது. எங்களுக்கெல்லாம் பிரசவ விடுப்பு சீனியரின் மனசைப் பொறுத்தது. அவர் மனசு மூன்று மாதத்தோடு நின்றுவிட்டது.

"சார், ஆறு மாசம் இருந்தா நல்லாருக்கும்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஆறு மாசமெல்லாம் கவர்மெண்டுல குடுப்பாங்கம்மா. நம்ம கேஸு நமக்காக நிக்குமா?" என்றார். அதே வாரம் ஒரு மகளிர் கல்லூரியில் போய், பெண் சமூகத்தின் கண் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் பொன்னாடையோடு வந்தார். அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தது நான்தான்.

மூன்று மாதம் எனக்குப் போதாததற்குக் காரணம் என் மகள். ஒரு மாதம் முந்திப் பிறந்தவள். இரண்டு கிலோவுக்கும் குறைவு. பத்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வேற எதுவும் உள்ள போகக் கூடாது. இவளுக்கு வெயிட் ஏறணும், வேற எதுவும் ஒத்துக்கலைன்னா திரும்ப இங்கதான் வரணும்" என்று சொல்லியிருந்தார். ஆகக் கணக்கு சுலபம். மூன்று மாதம் நான் வீட்டில். மிச்சம் மூன்று மாதம் நான் தல்லாகுளத்தில், பிள்ளை நாகமலைக்கு அந்தப் பக்கம் கீழக்குயில்குடி விலக்கில் இருக்கிற எங்கள் வீட்டில். நடுவில் மதுரை ட்ராஃபிக். பாலை நான் எடுத்து வைக்காவிட்டால் பிள்ளைக்கு வேறு வழியில்லை.

இந்தக் கண்ணாடிப் பெட்டி விஷயத்தில் என் அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் எழுமலையில் விவசாயம் பார்க்கிறவர். உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு மோட்டார். நான் வக்கீல் பரீட்சை பாஸானேன் என்று போன் செய்தபோது, "சரித்தா, இங்க மோட்டாரு காயில் கருகிப்போச்சு, அம்மாட்ட பேசு" என்றவர். பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? குழாயும் வயருமாகக் கிடந்த அந்தச் சின்ன உயிரைக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு, "இதுக்குக் கரண்டு போச்சுன்னா என்னம்மா செய்வீங்க? ஜெனரேட்டரு எத்தனை கே.வி.?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு மானம் போனது. இந்த மனுஷனுக்கு நெஞ்சுக்குள்ளும் ஒரு ஸ்டார்ட்டர்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் எழுமலையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டுக் கீழக்குயில்குடிக்கு வந்ததும் பம்ப் தேடும் படலம் தொடங்கியது. என் கணவர் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு பைக் வாங்குவதற்கு ஆம்பளைகள் என்னென்ன பார்ப்பார்களோ அத்தனையும் பார்த்தார். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கிறதா, எத்தனை லெவல் சக்ஷன். சாப்பிடும்போதும் போனைப் பார்த்துக்கொண்டே, "இதுல ஒம்பது லெவல் இருக்கு. அதுல அஞ்சுதான்" என்பார். ஒன்பதாவது லெவலை எவள் தாங்குவாள் என்று அவர் யோசிக்கவில்லை. அதைக் கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். விமர்சனங்களை வேறு ஒன்று விடாமல் படித்தார். அதில் பாதி எழுதியது புருஷன்மார்கள். என் மனைவிக்கு வாங்கினேன், பேக்கிங் அருமை, கலர் படத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அடப் பாவிகளா, அட்டைப்பெட்டியா பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறது?

மாமியார் பக்கம் வேறு கூத்து. என் கையில் ஒரு கிண்ணம் பால்சுறா புட்டைத் திணித்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வார். அது முடிந்தால் பூண்டு. பூண்டு முடிந்தால் முருங்கைக்கீரை. நான் அவருக்கு மருமகளாக இருந்தது போய், கறவை மாடாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"பிள்ளை வாய் வச்சுக் குடிச்சாத்தான் பாலு ஊறும். மிஷினுக்குக் குடுத்தா மிஷினா வளரும்?" என்பார்.

"மிஷின்ல எடுத்து அவளுக்குத்தான் அத்தே குடுக்கப் போறீங்க."

"எடுத்த பாலு எடுத்த பாலுதான். நாலு பேரு கண்ணுல படும். கண்ணு பட்டுச்சுன்னா அம்புட்டுத்தான்."

அவர் வாதம் சட்டப்படி நிற்காது என்றாலும், எங்கள் சீனியர் வாதத்தைவிட அதில் தெளிவு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் காலையில் நான் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசினேன் என்றால், எழுமலையில் மழை இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் அடுத்த அறையிலிருந்து கத்தினார்.

"ஏய், பம்ப்பு சிங்கிளா டபுளா? இப்பயே சொல்லு, ஆஃபர் முடியப் போகுது!"

சிங்கிள் என்றால் ஒரு பக்கத்துக்கு. டபுள் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்கும். இதை அப்பாவிடம் எப்படி விளக்குவது? பிள்ளை பெற்று இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்தபோது, நான் பால் கொடுக்க உட்கார்ந்தாலே செருமிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிற மனுஷன்.

"யாரு, மாப்பிள்ளையா? மோட்டாரு வாங்குறாகளா?" என்றார் அப்பா. குரலில் அப்படி ஓர் உற்சாகம். என் கல்யாணத்தன்றுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ஆமாப்பா" என்றேன்.

"வீட்டுக்குத்தான? சிங்கிள் பேஸு போதும்னு சொல்லு. அரை எச்.பி. இருந்தா மாடித் தொட்டிக்கு ஏறிரும். பெருசா வாங்கிக் காசைக் கரியாக்க வேணாம்."

"சரிப்பா."

என் கணவர் அறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அப்பா தினமும் காலையில் போன் செய்து, பிள்ளையைக் கேட்பதற்கு முன்னால் மோட்டாரைக் கேட்டார். பாருங்களேன், எப்பேர்ப்பட்ட தாத்தா.

ஆன்லைனில் வாங்கினால் உடைந்து வரும் என்று யாரோ சொன்னதால், கடைசியில் கடைக்கே போனோம். முதலில் ஒரு மெடிக்கல் ஷாப். நான் கேட்டதும் அங்கிருந்தவர் இடமும் வலமும் பார்த்தார். பின்னால் போய், கையால் அமுக்குகிற ரப்பர் பந்து வைத்த ஒரு பழைய சாமானை நியூஸ் பேப்பரில் சுற்றி, அதன் மேல் கறுப்புக் கவரைப் போட்டு, கவுன்டருக்குக் கீழே நீட்டினார். கள்ளச்சாராயம் வாங்க வந்தவள் மாதிரி நான் நின்றேன். வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டோம்.

அடுத்தது குழந்தைகளுக்கென்றே இருக்கிற பெரிய கடை. ஏ.சி., பொம்மைகள், பாட்டு. டை கட்டிய ஒருவர் வந்தார். என்னைத் தாண்டி என் கணவரிடம், "சாருக்கு எந்த மாடல் பாக்குறீங்க?" என்று கேட்டார். சாருக்குத்தான் பால் கட்டி நெஞ்சு கல்லாகிக் கிடக்கிறது போல. சாரும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "டபுள்ல ஒம்பது லெவல் இருக்கா?" என்றார். நான் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

"சக்ஷன் பாக்கணும்னா கையை நீட்டுங்க சார்."

என் கணவர் நீட்டினார். பம்ப்பின் புனலை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அந்த ஆள் பட்டனைத் தட்டினார். விர்ரென்று இழுத்ததும் இவர் துள்ளிவிட்டார்.

"செமையா இழுக்குதுங்க!"

"இதுல பெஸ்ட் இதான் சார்" என்றார் அவர், தானே பத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தவர் மாதிரி.

புனலில் சைஸ் உண்டா, எனக்கு எது பொருந்தும் என்று நான் கேட்டேன். அந்த நல்லவருக்கு முகம் சிவந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் ஒரே சைஸ்தான் மேடம், எல்லாருக்கும் செட்டாயிரும்" என்றார். செருப்புக்குக்கூடப் பத்து சைஸ் வைத்திருக்கிற உலகத்தில் இதற்கு ஒரே சைஸ். அதோடு நின்றதா? உள்ளே இருக்கிற சின்னச் சின்ன சாமான்களைக் காட்டி இதெல்லாம் என்ன, எதை எப்போது மாற்ற வேண்டும் என்றேன். "புக்கு உள்ளயே இருக்கு மேடம்" என்று பெட்டியை மூடிவிட்டார். என் கணவரின் உள்ளங்கை சிபாரிசு செய்த பம்ப்பை வாங்கிக்கொண்டு வந்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது நன்றாகவே வேலை செய்தது. வீட்டில் இருந்த கடைசி நாட்களில் பழகிக்கொண்டேன். வேலைக்குப் போன முதல் இரண்டு வாரமும் குறையில்லை. ஆபீஸில் பழைய கேஸ் கட்டுகளை அடுக்கிவைத்திருக்கிற அறைதான் எனக்குக் கிடைத்த இடம். தூசி, கரப்பான், சிவப்பு நாடா கட்டிய பாகப்பிரிவினை வழக்குகள். அதற்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை. குமாஸ்தா அண்ணே மட்டும் சரியாக அந்த இருபது நிமிடத்தில்தான் ஏதாவது ஒரு பழைய கட்டைத் தேடி வந்து கதவைத் தட்டுவார். சீனியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு நேரம்மா?" என்று வெளியிலிருந்து கேட்பார். பெண் சமூகத்தின் கண் உள்ளே அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறது சார், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும்.

சாயங்காலம் ஐஸ் பையோடு வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பேன். மாமியார் ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். போகட்டும், மறுநாள் அந்தப் பாலைத்தான் மகள் குடித்தாள், எடை கூடினாள், கன்னம் வைத்தாள். எனக்கு வேறு என்ன வேண்டும்.

பம்ப்பைக் கழுவி வைப்பது மட்டும் என் கணவரின் பொறுப்பு. ஆவியில் வைத்தால் கிருமி சாகும் என்று எங்கோ படித்திருந்தார். எங்கள் வீட்டில் ஆவி என்றால் குக்கர். தினமும் ராத்திரிச் சமையல் முடிந்ததும், புனல், பாட்டில், ரப்பர் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, மூடி, வெயிட் வைத்து, மூன்று விசில் விடுவார். பருப்புக்குக் கூட அந்த வீட்டில் இரண்டு விசில்தான். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்பளை ஒரு வேலையாவது செய்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதற்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரம் பால் குறைந்தது. இரண்டு பாட்டில் ஒன்றரை ஆனது. ஒன்றரை ஒன்றானது. ஒரு வெள்ளிக்கிழமை, பாகப்பிரிவினைக் கட்டுகளுக்கு நடுவே அரை மணி நேரம் உட்கார்ந்தும் பாட்டிலின் அடி மட்டும்தான் நனைந்தது. மோட்டார் என்னவோ விர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உடனே எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் காரணத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

"கண்ணு பட்டுருச்சு. உங்க ஆபீஸ்காரங்க கண்ணுதான்" என்றார் மாமியார்.

"ஸ்ட்ரெஸ். நெட்ல போட்டுருக்கான்" என்றார் என் கணவர்.

"என் பொண்ணுக்கும் இப்படித்தாம்மா, மூணு மாசத்துல வத்திருச்சு. பவுடர்தான் குடுத்தோம். இப்ப அமெரிக்காவுல இருக்கா" என்றார் சீனியர். பவுடர் குடித்தால் அமெரிக்கா போகலாம் என்பது எனக்குப் புதிய தகவல்.

வத்திருச்சு. இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் எத்தனை சுலபமாகச் சொன்னார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, மாடி வீட்டுக்காரி, காய்கறிக்காரம்மா எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்துச் சொன்னார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நானும் நம்பினேன். சாயங்காலம் வந்ததும் மகள் என்னிடம் முட்டி முட்டிக் குடித்து, வயிறு நிறைந்து, வாயோரம் பால் வழியத் தூங்கினாள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டும் நம்பினேன். சாட்சியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வதந்தியை நம்புகிறவள் என்ன வக்கீல்?

சனிக்கிழமை என் கணவர் பவுடர் டின் வாங்கிவந்தார். ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். ஒரே ஒரு பாட்டில் பால்தான் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை அது மத்தியானம்வரை வராது. மாமியார் தினசரி காலண்டரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல் நல்ல நேரம், அப்போதே கலந்து கொடுத்துப் பழக்கிவிடலாம் என்றார். பவுடர் பால் கரைப்பதற்கும் நல்ல நேரம். டாக்டரம்மா சொன்ன ஒரு சொட்டு என் காதிலேயே நின்றது. ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கண்ணாடிப் பெட்டி. அதை இந்த வீட்டில் யாரிடம் சொன்னாலும், "அதெல்லாம் அவுங்க அப்படித்தான் சொல்வாங்க" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. கடைசியாக ஒரு தடவை முயற்சி செய்யலாம் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது லெவலில் ஏழு வரைக்கும் ஏற்றினேன். வலிதான் வந்தது. மகள் பக்கத்தில் கட்டிலில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். போன் அடித்தது. அப்பா. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பார். எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"என்னாத்தா, மோட்டாரு எப்படி ஓடுது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் பிள்ளையின் உயிர் போகிற மாதிரி இருக்கிறது, இந்த மனுஷனுக்கு மோட்டார்.

"ஓடுதுப்பா. அதுக்கென்ன, ஓடிக்கிட்டேதான் இருக்கு."

பின்னால் ஓடிய டி.வி.யை அணைக்கச் சொல்லி அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"இப்ப கேக்குதே, அதான் மோட்டாரா?" என்றார்.

பம்ப்பை அணைக்கத் தோன்றவில்லை. "ஆமாப்பா" என்றேன்.

"போனைக் கொஞ்சம் கிட்டக்க வையி."

ஏன் வைத்தேன் என்று தெரியாது. வைத்தேன். திரும்பக் காதில் வைத்தபோது, "காத்து இழுக்குது ஆத்தா" என்றார். "வெறும் ஓட்டம் ஓடுது. இப்படி ஓடுனா நாள் பூரா ஓடுனாலும் ஏறாது."

"வத்திருச்சுன்னு சொல்றாங்கப்பா" என்றேன். ஊரே சொன்னபோது வராத அழுகை அவரிடம் சொல்லும்போது வந்தது.

"எவன் சொன்னது?" என்று அப்பா அதட்டினார். "கிணறு வத்துனா சத்தம் வேற மாதிரி வரும். எனக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியாதா? நீ கேக்காத சத்தமா? வத்தலாம் இல்ல. வால்வு போயிருக்கும், இல்லாட்டி வாசரு. கழத்திப் பாரு."

நீ கேக்காத சத்தமா என்று அவர் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் தினமும் கிணற்றடியில் நின்று கேட்ட சத்தம் அது. மோட்டார் காற்று இழுத்தால், ஓடிப்போய் சாணியை அள்ளி பைப் ஜாயின்ட்டில் அப்பியவள் நான். அந்தச் சத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தேன். கறுப்புக் கோட்டைப் போட்டதும் காது செவிடாகிவிட்டது.

போனை வைத்துவிட்டுப் பம்ப்பைக் கழற்றினேன். பாட்டிலுக்கும் புனலுக்கும் நடுவே வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன வெள்ளை ரப்பர். வெளிச்சத்தில் பிடித்து விரலால் அமுக்கினேன். நுனி மயிரிழை அளவுக்குக் கிழிந்து விரிந்தது. அடுத்த பக்கத்து ரப்பரும் அப்படியே. மூன்று விசிலில் வெந்துபோயிருந்தது இரண்டும்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பெட்டி எங்கே, பெட்டிக்குள் இருந்த ஸ்பேர் சாமான் எங்கே என்று கத்தினேன். என் கணவர் டின்னின் மூடியைத் திறக்க ஸ்பூனோடு நின்றுகொண்டிருந்தார். சுடுதண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"புக்குல போட்டுருக்கும், தேடணும்" என்றார் அவர். விமர்சனம் அத்தனையும் படித்தவர் அந்தப் புத்தகத்தை மட்டும் பிரிக்கவே இல்லை. நானும் பிரிக்கவில்லை, அதுவும் உண்மை.

"வெள்ளையா ரெண்டு ரப்பரு இருந்துச்சு அத்தே. பார்த்தீங்களா?"

மாமியார் யோசித்தார். "அதுவா? குக்கருதுன்னு நெனச்சு எடுத்து வச்சேன்" என்று சமையலறை டிராயரைத் திறந்தார். பழைய கேஸ்கட், கேஸ் டியூப் வாசர், ரப்பர் பேண்டு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். பிரிக்காத கவர். அதற்குள் இரண்டு புது வால்வு. ஊரெல்லாம் என் நெஞ்சில் பஞ்சம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது அது அங்கேதான் கிடந்தது.

"அதைத் திறக்காதீங்க" என்றேன் கணவரிடம், டின்னைக் காட்டி.

"நல்ல நேரம் போயிரும்த்தா" என்றார் மாமியார்.

"போகட்டும் அத்தே."

புது வால்வைச் சாதாரண வெந்நீரில் அலசி மாட்டினேன். பட்டனைத் தட்டியதும் சத்தம் மாறிவிட்டது. அந்த வெற்று விர்ர் போய், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி, பாரம் இழுக்கிற சத்தம். ஒரு வாரமாகச் சரியாக எடுக்காததால் முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அப்புறம் கோடாக வந்தது. எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகை வந்தது, யாரைத் திட்டுவது என்று தெரியாத அழுகை. பழைய அளவுக்கு வர நாலைந்து நாள் ஆனது. அந்த நாலைந்து நாளும் இருந்ததை வைத்துச் சமாளித்தோம். என் கணவர் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தல்லாகுளத்துக்கே வந்தார். கேஸ் கட்டு அறையில் என் மகள் குடித்தாள். சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். டின் பிரிக்காமலே ஃபிரிட்ஜின் மேல் தூசி படிந்து கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, நான் பம்ப்பை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா திரும்பவும் போன் செய்தார். ஒரே நாளில் இரண்டு தடவை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வால்வுதானா?"

"வால்வுதாம்ப்பா. கிழிஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்."

"இப்ப ஏறுதா?"

"ஏறுதுப்பா."

"சத்தம் எப்படி இருக்கு?"

"பாரம் இழுக்குதுப்பா. நல்லாருக்கு."

"ம்" என்றார். பின்னால் அம்மா ஏதோ சொல்வதும், இவர் "இருடி, கேக்குறேன்ல" என்று அவளை அடக்குவதும் கேட்டது. அப்புறம் ஒரு செருமல். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் வாசலுக்குப் போவாரே, அதே செருமல்.

"பிள்ளைக்குப் பத்துதுல்லத்தா?" என்றார்.

மாடித் தொட்டி, அரை எச்.பி., சிங்கிள் பேஸ் என்று இத்தனை நாளாக அவர் தினமும் காலையில் கேட்டதெல்லாம் எதை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பத்துதுப்பா" என்றேன்.

"அப்பச் சரி. வச்சுர்றேன்" என்றார். ஆனால் அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.